கொல்லிமலை இரவும் பிளாஷ் வெளிச்சமும்

எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறி, பொழுது சாய்ந்தபின் வீட்டு வாசலில் விளக்கேற்றி அமர்ந்திருக்கும் மலைவாழ் முதியோரைப் படம் பிடிக்க விரும்புகிறவர்கள், கேமராவின் பிளாஷை அடியோடு ஒதுக்கிவிட்டு, அங்குள்ள வெளிச்சத்தைக் கொண்டே படமெடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பிளாஷ் பளிச்சிட்ட கணமே எதிரிலிருப்பவரின் முகம் சுண்ணாம்படித்த சுவர்போல் வெளுத்து, பின்னாலிருக்கும் மலைச்சரிவு கும்மிருட்டில் மறைந்து, கன்னத்துச் சுருக்கங்களில் விளக்கு இட்டிருந்த நிழல் முழுவதும் அழிந்துபோகிறது. அத்துடன், கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்தப் பெரியவருக்கு நாம் இழைக்கும் அவமரியாதையும் சிறிதன்று.

பிளாஷ் இல்லாமல் படமெடுக்கச் சாதனங்கள் இல்லாமலில்லை. லென்ஸின் துவாரம் எப் 2.8-லிருந்து எப் 1.4-க்கு விரிந்தால் உள்ளே புகும் ஒளி நான்கு மடங்காகிறது. அத்தகைய லென்ஸுடன் 400 வேகமுள்ள பிலிமும் இருந்தால், விளக்கை ஒட்டினாற்போல் இருக்கும் முகத்தை நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில், நடுங்காத கைகளால் பதிவு செய்துவிடலாம். 1988-இல் கோடாக் வெளியிட்ட டி-மேக்ஸ் பி3200 போன்ற பிலிமானால் அதில் எட்டில் ஒரு பங்கு நேரமே போதும். ஆனால் துவாரம் விரிய விரியக் கூர்மையின் எல்லை சுருங்கிவிடுமாதலால், கண்ணிமை தெளிவாக விழும்போது காது மங்கிவிடும். ஆகவே படமெடுப்பவர் அருகே சென்று, தாமும் தரையில் அமர்ந்து, பேச்சுக் கொடுத்து, அவர் அசைவற்றிருக்கும் கணத்துக்காகக் காத்திருக்க நேர்கிறது. இந்தக் கட்டாயத்தை நான் ஒரு பாக்கியமாகவே கருதுகிறேன்.

சினிமாவிலும் இவ்வழி சென்றவர்கள் உண்டு. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வெளியான ‘பேரி லிண்டன்’ படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளுக்காக, அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கென்று ஸைஸ் கம்பெனி செய்த எப் 0.7 லென்ஸைத் தேடிப்பிடித்துப் பொருத்தினார். அப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. நம்மவரான பாலு மகேந்திராவோ இயற்கை ஒளியையே பெரிதும் நம்பி, ‘மூன்றாம் பிறை’க்குத் தேசிய விருது பெற்றார்.

அதிவேக பிலிமில் எடுத்த படம் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது என்று ஆட்சேபிப்பவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், இரவில் நம் கண்ணுக்கும் எதுவும் துலக்கமாகத் தெரிவதில்லை என்பதே. பிலிமின் விலை மெய்யான இடர்தான். 1960-இல் உதகையில் நிறுவப்பட்டு, ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டபின் வெளிநாட்டுச் சரக்கையே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. வாங்க இயலாதவர்கள் டிஜிட்டல் கேமராவில் அதே எப் 1.4 லென்ஸை மாட்டிக்கொண்டாலும் காரியம் நடக்கும். கொல்லிமலையில் ஆடிப்பெருக்கை ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு ஆளனுப்பும் பத்திரிகைகள், வரும் ஆண்டிலாவது அவரிடம் பிளாஷுக்குப் பதிலாக இத்தகைய லென்ஸ் ஒன்றைக் கொடுத்தனுப்பி, அவர் கொண்டுவரும் படங்களைப் புள்ளிகளோடேயே அச்சிடட்டும்.