மூச்சும் கூலியும்

சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயம் அமைந்திருக்கும், காஞ்சியை அடுத்த ஏனாத்தூர்ப் பக்கத்தில் மனோவியாதிக்குரிய சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுத்தால், “நமக்குத் தெரியாத தியானமா?” என்று கேட்டு அதை அங்கேயே முடித்துவிடும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் கூற்றில் சரித்திர உண்மை இல்லாமலில்லை. மூச்சின்மேல் கவனத்தை நிறுத்தும் சாதனையை விசுத்திமார்க்கம் என்னும் நூலில் விஸ்தாரமாக விளக்கிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், தாம் காஞ்சியில் வாசம் செய்ததைத் தமது உரையொன்றின் முடிவில் குறித்திருக்கிறார். பௌத்தருடைய அந்தச் சாதனையைத்தான் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின், தீராத வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்கென ஒரு பயிற்சியாக வகுத்தார்.

ஆயினும், நெசவாளர் வாழும் இவ்வூரில், தறியில் அமர்வதே ஒரு தியானம் என்று புகழ்கிறவர்கள் அநேகமாகத் தறியில் அமர்ந்தவர்களாக இருக்கமாட்டார்கள். குழித்தறியில் காலைமுதல் குனிந்து, கோர்வைச் சேலைக்குக் கரை நாடாவைத் தள்ளித்தர இன்னோர் ஆளையும் வைத்துக்கொண்டு, ஜரிகை விலையையும் வாங்கிய முன்பணத்தையும் விசைத்தறியின் போட்டியையும் எண்ணியெண்ணி உறக்கமிழக்கும் நெசவாளியிடம் “மூச்சைக் கவனியும்” என்று மட்டும் உபதேசிப்பது, ஊரார் செய்த அநியாயத்தை அவர் மனத்தின் பலவீனமாக மாற்றிவிடுவதாகும். கூலிக் குறைக்குக் கூலி உயர்வே பரிகாரம்.

ஆனால் கடன் தீர்ந்த பின்னும் தீராத மனச்சோர்வு உண்டே! அதற்குத் தக்க துணை வேண்டும். அத்துணைக்குப் பெரும் படிப்பாளிகளே வேண்டுமென்பதும் இல்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநல வைத்தியத்தில் பட்டம் பெறாதவர்களுக்குப் பயிற்சியளித்து, கடும் மனச்சோர்வுற்றவர்களோடு ஆறு முதல் எட்டு முறை அமர்ந்து பேசச் செய்தார்கள். கைவிட்டுவிட்ட அன்றாடக் காரியங்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கத் துணைநின்ற அப்பேச்சு, வழக்கமான கவனிப்பைவிட நற்பலன் தந்ததென்று 2016-இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டிற்று.

மனநலச் சிகிச்சையை ஓர் உரிமையாக்கிய சட்டம் 2017-இலேயே நிறைவேறிவிட்டது. 14416 என்ற எண்ணில் தொலைபேசி உதவியும் கிடைக்கிறது. எனினும் வீட்டார் காதில் விழாமல் பேச ஒரு மூலைகூட இல்லாத தறிவீட்டில் தொலைபேசி எவ்வளவுக்குப் பயன்படும்? ஆகவே அரசாங்கம் பயிற்சிபெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களில் அமர்த்த வேண்டும். நெசவாளர்கள் சேலையைக் கொடுத்துக் கூலி வாங்க வரும் நாளில், கூடத்தில் அல்ல, கதவுள்ள ஓர் அறையில்.