சின்ன இஞ்சின், பெரிய பசி

ஹுத்தான் மெலிந்தாங்கில் என்னிடம் படித்த பையன் பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காடி வாங்கியிருக்கிறான். "1.3 லிட்டர்தானே சார், ஏன் இப்படிப் பெட்ரோல் குடிக்கிறது?" என்கிறான். அம்மாவுக்குக் கொடுக்கும் வெள்ளியும் அதிலேயே கரைகிறதாம்.

தம்பி, அது சுழல் இஞ்சின். முக்கோண ரோட்டர் சுற்றும் அறை நீண்டு ஒடுங்கியது; வெப்பத்தில் நிறைய சுவரோடு போய்விடும். 1973 எண்ணெய் நெருக்கடியில் இந்தப் பசியால் மாஸ்டா கம்பெனியே தள்ளாடியது!

பிளக், காயில் பழுதென்றால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போகும். முதலில் அவற்றைப் பார். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், மிதிப்பதைக் குறை. (மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் இது பொருந்தும்.)

ஆனால் இஞ்சின் எண்ணெயில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. ரோட்டர் முனைச் சீல் தேயாதிருக்க அது தானே கொஞ்சம் குடிக்கும். அளவுக்கம்பியை அடிக்கடி எடுத்துப் பார். சீல் போய் இஞ்சினைத் திறந்தால், மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு எந்த மூலைக்கு?