முதலில் குதிக்காதே

மழைக்காலம் பிறந்துவிட்டால் புனேவாசிகளுக்குக் கால் வீட்டில் நிற்காது. லோனாவாலா, முல்ஷி, கடக்வாஸ்லா என்று கிளம்பிவிடுகிறோம். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதில் நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் தண்ணீரைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதுதான் என் கேள்வி.

2024 ஜூன் 30 அன்று பூஷி அணைக்கு அருகே ஓர் அருவியில் புனேயைச் சேர்ந்த ஒரே குடும்பத்தார் ஐந்து பேரை வெள்ளம் அடித்துச் சென்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2016 பிப்ரவரி 1 அன்று முருட் கடற்கரைக்குச் சுற்றுலா போன புனே கல்லூரி மாணவ மாணவியர் 14 பேர் மூழ்கி மாண்டார்கள். ஆறு, அணை விபத்துச் செய்திகளில் இன்னொரு வரியும் அடிக்கடி கண்ணில் படும்: காப்பாற்றக் குதித்தவரும் மூழ்கினார்.

அந்த வரிதான் என்னை ஸ்கூபாவில் 'ரெஸ்க்யூ டைவர்' பயிற்சியில் சேர வைத்தது. முதுகில் காற்று உருளையுடன் மூழ்கப் பழகியவர்கள், அடுத்தவரைக் காப்பாற்றக் கற்கும் படி இது. நம் மாநிலத்தில் ஸ்கூபா என்றால் சிந்துதுர்க் மாவட்டத்து மால்வண், தார்கர்லி கடற்கரைதான். மழைக்காலத்தில் அங்கே கடல் இடம் கொடுக்காது. ஐம்பதை நெருங்கும் வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பயிற்சியை முடித்து வந்து இரண்டு நாள் தோளை அசைக்க முடியவில்லை!

வீர சாகசம் கற்றுத் தருவார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். முதல் பாடமே 'குதிக்காதே' என்பதுதான். நில், மூச்சு விடு, யோசி, பிறகு செய். கைக்கு எட்டினால் ஒரு கழியை நீட்டு. எட்டாவிட்டால் கயிறோ மிதவையோ எறி. படகு இருந்தால் படகில் போ. நீந்திப் போவது கடைசி வழி. காப்பாற்றப் போனவனையும் சேர்த்து இரண்டு பேரைத் தேட வைப்பது உதவி ஆகாது என்கிறார்கள்.

பயிற்சியாளர் மூழ்குகிறவராக நடித்தார். நடிப்பென்று தெரிந்திருந்தும் அவர் என் தலைமேல் ஏறியபோது நெஞ்சு படபடத்தது. மூச்சுக்குத் தவிக்கிறவனுக்கு அண்ணன் தம்பி தெரியாது. கைக்குக் கிடைத்ததன் மேல் ஏறத்தான் பார்ப்பான். ஆகவே எதிரே போகாமல் பின்பக்கமாக அணுகவேண்டும். அவன் பிடித்துக்கொண்டால் நாம் கீழே அமிழவேண்டும். காற்றைத் தேடுகிறவன் தானே கையை விட்டுவிடுவான். கைகளை ஆட்டிக் கத்துவதெல்லாம் சினிமாவில். மெய்யாக மூழ்குகிறவருக்குப் பெரும்பாலும் குரலே எழும்பாது.

மிகக் கடினமானது நினைவிழந்தவரைக் கரை சேர்ப்பது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயில் மூச்சு ஊதிக்கொண்டே, இடையிடையே அவருடைய பெல்ட்டையும் உருளையையும் கழற்றிக்கொண்டே நீந்தவேண்டும். கரையில் அவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதோ, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதோ கூடாது. நம் ஊர்ப்பக்கம் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள், பாருங்கள். மூச்சில்லாதவருக்கு வேண்டியது மூச்சும் நெஞ்சழுத்தமும்தான்.

மன்னார் வளைகுடாவில் அந்தக் காலத்தில் முத்துக்குளிக்க இறங்கியவனின் கயிற்றை மைத்துனன்தான் படகில் இருந்தபடி பிடித்திருப்பான் என்று சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருந்தது அல்லவா! ஸ்கூபாவிலும் துணையின்றி இறங்கக்கூடாது என்பது விதி. கயிறு பிடிக்கும் கலை நமக்குப் புதிதில்லை.

நம் பெற்றோர்களில் பலர் காவிரியிலும் தாமிரபரணியிலும் கிணற்றிலும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவர்கள். அடுக்குமாடியில் வளரும் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. பாட்டு, பரதம், அபாகஸ், ஐ.ஐ.டி. கோச்சிங் என்று கணக்குப் பார்க்காமல் செலவழிக்கும் நாம், நீச்சலை மட்டும் கோடை விடுமுறைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறோம். அப்படிக் கற்ற பிள்ளையும், இழுப்பு இல்லாத நீலத் தொட்டியில் நாலு சுற்று வந்த தைரியத்தில் ஆற்றில் இறங்குகிறான். கல்லூரி நண்பர்களுடன் வாரக்கடைசியில் கிளம்பும்போது "ஜாக்கிரதையா போயிட்டு வா" என்கிறோம். எதில் ஜாக்கிரதை என்று சொல்லிக்கொடுத்தவர் யார்?

எல்லோரும் கடலில் மூழ்கிப் பயிற்சி பெறவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் செலவும் அதிகம், உடம்பும் ஒத்துழைக்கவேண்டும். ஆனால் செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்கக்கூடியவை. பொங்கல் விழாவுக்கு எடுக்கும் மண்டபத்திலேயே ஒரு மருத்துவரை அழைத்து, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்கார வைக்கலாம். சங்கத்தின் ஆண்டு உல்லாசப் பயணத்தில் சாம்பார் வாளிகளோடு இன்னும் இரண்டு சாமான்கள் பஸ்ஸில் ஏறட்டும்: இருபது மீட்டர் நைலான் கயிறு ஒன்று, மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேன் ஒன்று. கேனைக் கயிற்றின் நுனியில் கட்டினால் அது நன்றாக மிதக்கும். புறப்படும் முன் மைதானத்தில் பிள்ளைகளை நாலு தடவை எறிந்து பார்க்கச் சொல்லுங்கள். குறி தவறாமல் எறிய ஐந்தாறு முயற்சியாவது வேண்டியிருக்கிறது.