வேப்பங்கொட்டைச் சாறும் நெல்லின் இலைக்கருகலும்

வேம்பை நம்புவதில் நம் விவசாயிகளுக்குக் குறைவில்லை. பயிர் பாதி காய்ந்த பின்னரே அதனை நாடுகின்றனர் என்பதே என் குறை. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல், இலையின் நுனியிலும் ஓரத்திலும் மஞ்சளாய்த் தொடங்கும். ஐயமாயின் அவ்விலையை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்துக; வெட்டுவாயினின்று கலங்கலான கசிவு இறங்கும். அப்பொழுதே, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்யும் 5 சதவீதச் சாற்றைத் தெளித்தல் வேண்டும். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 200 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து 100 லிட்டராக்குக. மாலையே தகுந்த வேளை. வெயில் அதன் வீரியத்தைக் கெடுக்கும். கருகிய இலை மீளாது, பரவுதல் மட்டுப்படும். பயிரின் கரும்பச்சை கண்டு மகிழ்ந்து யூரியாவை மேன்மேலும் இடுவோருக்கோ வேம்பும் உதவாது. நோய்கண்ட வயலின் நீரை அண்டை வயலில் வடியவிடுதல் கிருமியையே அனுப்புவதாகும்; இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகள் தலையிடுவது நலம்.