பெயர் வைத்தவர் ஒருவர்... பெயர் வாங்கியவர் இன்னொருவர்! - 'தி சுப்ரீம்ஸ்' குழுவின் டாப் 7 பாடல்கள்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். பள்ளி விட்டதும் நேராக மோட்டவுன் ரெக்கார்டிங் கம்பெனிக்கு வந்துவிடுவார்கள் அந்தப் பெண்கள். வேறு யாருடைய பாட்டுக்காவது கைதட்டச் சொன்னால் தட்டுவார்கள், கோரஸ் பாடச் சொன்னால் பாடுவார்கள். ஒருவழியாக 1961 ஜனவரியில் ஒப்பந்தம் கிடைத்தது. 'ப்ரைமெட்ஸ்' என்ற பழைய பெயர் வேண்டாம் என்றது கம்பெனி. கையில் கொடுத்த பட்டியலிலிருந்து 'சுப்ரீம்ஸ்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் ஃப்ளாரன்ஸ் பல்லார்டு. அப்போது அவருக்கு வயது 17.

அந்தப் பெயரில் வந்த 12 பாடல்கள் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தன. ஆனால், குழு உச்சத்தில் இருந்தபோதே ஃப்ளாரன்ஸ் அதில் இல்லாமல் போனார். இந்த 7 பாடல்களையும் வரிசையாகக் கேட்டால் அந்தக் கதையும் சேர்ந்தே கேட்கும்.

1. பட்டர்டு பாப்கார்ன் (1961)

சூப்பர் ஹிட் எல்லாம் இல்லை. ஆனாலும் பட்டியலில் முதலில் வர ஒரு காரணம் இருக்கிறது. இதில் முன்னணிக் குரல் ஃப்ளாரன்ஸ். அடிவயிற்றிலிருந்து எழும் கனமான குரல். குழுவின் ஆரம்ப நாள்களில் டயானா ராஸ், மேரி வில்சன், ஃப்ளாரன்ஸ் என எல்லோருமே மாறி மாறி முன்னால் நின்று பாடினார்கள். பிறகு கம்பெனியின் முதலாளி பெர்ரி கோர்டி, டயானாதான் இனி முன்னணி என்று முடிவு செய்தார். மெல்லிய, கூர்மையான அந்தக் குரல் ரேடியோவில் தனித்துத் தெரியும் என்பது அவர் கணக்கு.

2. வேர் டிட் அவர் லவ் கோ (1964)

அதுவரை இவர்களுக்குக் கம்பெனிக்குள் இருந்த பட்டப்பெயர், 'ஹிட்டே இல்லாத சுப்ரீம்ஸ்'. இந்தப் பாட்டும் இவர்களுக்காக எழுதப்பட்டது அல்ல. 'மார்வெலெட்ஸ்' என்ற குழு வேண்டாம் என்று தள்ளிவிட்ட பாட்டு. இவர்களுக்கும் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் பாடினார்கள். தொடக்கத்தில் தாளம்போலக் கேட்கும் சத்தம், மரப்பலகையில் காலால் மிதித்து எழுப்பியது. அந்தக் கோடையில் ஓர் இசைச் சுற்றுப்பயணத்தில் இவர்கள் 'மற்றும் பலர்' வரிசையில்தான் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சுற்றுப்பயணம் நடந்துகொண்டிருந்தபோதே பாட்டு மேலே ஏறியது. ஆகஸ்ட்டில் நம்பர் 1!

3. ஸ்டாப்! இன் தி நேம் ஆஃப் லவ் (1965)

அடுத்தடுத்து ஐந்து பாடல்கள் நம்பர் 1. அதில் நான்காவது இது. வேறொரு பெண்ணைத் தேடிப் போகும் காதலனை வாசலிலேயே மறிக்கும் பாட்டு. டிராஃபிக் போலீஸ்போல உள்ளங்கையை நீட்டும் அந்த ஸ்டைல், லண்டனில் ஒரு டி.வி நிகழ்ச்சிக்கு முன் அவசரமாக உருவானது. சொல்லிக்கொடுத்தவர்கள், சக மோட்டவுன் குழுவான 'டெம்ப்டேஷன்ஸ்' பாடகர்கள். இன்றைக்கும் இந்தப் பாட்டை மேடையில் யார் பாடினாலும் கை தானாக நீளும்.

4. யூ கான்ட் ஹரி லவ் (1966)

காதலுக்கு அவசரப்படாதே, பொறுமையாக இரு என்று அம்மா சொன்ன அறிவுரையை மகள் நினைத்துப் பார்க்கும் பாட்டு. ஹாலந்து - டோஸியர் - ஹாலந்து என்ற மூவர் கூட்டணியின் படைப்பு. தேவாலயங்களில் பாடப்படும் காஸ்பல் இசையின் சாயல் இதில் உண்டு. ஹெட்போனில் கேட்டால் முதலில் பிடித்து இழுப்பது ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார். 1982-ல் ஃபில் காலின்ஸ் இதை மறுபடி பாடி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். இந்தப் பாட்டு இடம்பெற்ற 'சுப்ரீம்ஸ் அ கோ-கோ', பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பெண்கள் குழு ஆல்பம்.

5. யூ கீப் மீ ஹாங்கிங் ஆன் (1966)

தந்தி அடிப்பதுபோல ஒரே சுரத்தில் படபடக்கும் கிட்டார். பிடித்தும் வைக்காமல், விட்டும் தொலைக்காமல் இழுத்தடிக்கும் காதலனிடம் 'விட்டுவிடு' என்று கேட்கும் கோபம். 1987-ல் கிம் வைல்டு பாடியபோதும் இது அமெரிக்காவில் நம்பர் 1 ஆனது.

பாட்டில் இருந்த அந்தத் தவிப்பு, அப்போது குழுவுக்குள்ளும் இருந்தது. எல்லா வெளிச்சமும் டயானா மீதே விழுந்தது. ஃப்ளாரன்ஸுக்கு மன உளைச்சல், மதுப் பழக்கம், நிர்வாகத்துடன் உரசல். 1967 கோடையில், லாஸ் வேகாஸ் நிகழ்ச்சிகளின் நடுவே அவர் விலக்கப்பட்டார். அவர் இடத்துக்கு சிண்டி பேர்ட்சாங் வந்தார். குழுவின் பெயரும் 'டயானா ராஸ் அண்டு தி சுப்ரீம்ஸ்' என்று மாறியது.

6. லவ் சைல்ட் (1968)

காதலும் பிரிவுமாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள், திடீரென்று வறுமையைப் பாடினார்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்து, ஏழ்மையில் வளர்ந்த பெண் அவள். தான் பட்டதைத் தன் பிள்ளையும் படக்கூடாது என்று காதலனைத் தள்ளி நிறுத்துகிறாள். பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' ஒன்பது வாரங்கள் பிடித்து வைத்திருந்த முதலிடத்தைத் தட்டிப் பறித்த பாட்டு இது. ஒரு விஷயம்... பின்னணியில் கேட்பது மேரியும் சிண்டியும் அல்ல. 'ஆண்டான்டஸ்' என்ற ஸ்டுடியோ கோரஸ் பாடகிகள்.

7. சம்டே வீ வில் பி டுகெதர் (1969)

'என்றாவது ஒருநாள் ஒன்றுசேர்வோம்' என்பது தலைப்பின் பொருள். டயானா தனியாகப் போவதற்காகத் தயாரான பாட்டை, குழுவின் பெயரிலேயே வெளியிட்டது கம்பெனி. இதிலும் மேரி, சிண்டி குரல்கள் இல்லை. நடுநடுவே உற்சாகப்படுத்தும் ஆண் குரல், பாட்டை எழுதியவர்களில் ஒருவரான ஜானி பிரிஸ்டலுடையது. 1960-களின் கடைசி நம்பர் 1 பாட்டு இதுதான். 1970 ஜனவரி 14 அன்று லாஸ் வேகாஸில் கடைசியாக ஒரே மேடையில் பாடிவிட்டு டயானா விடைபெற்றார்.

டயானா உலக நட்சத்திரம் ஆனார். மேரி, 1977 வரை குழுவைத் தாங்கி நின்றார். 2021-ல் காலமானார். தனியாகப் பாட முயன்ற ஃப்ளாரன்ஸுக்கு அது கைகூடவில்லை. வீட்டை இழந்து, அரசு உதவித்தொகையில் குடும்பம் நடத்தும் நிலைக்கு வந்தார். 1976 பிப்ரவரி 22 அன்று மாரடைப்பால் இறந்தபோது வயது 32.

1988-ல் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சுப்ரீம்ஸ் சேர்க்கப்பட்டபோது டயானா, மேரி பெயர்களோடு ஃப்ளாரன்ஸின் பெயரும் இடம்பெற்றது. அவர் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏழையும் கேட்டு முடித்தபின், முதல் பாட்டை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். குழுவுக்குப் பெயர் வைத்தவரின் குரல் அது.