லொறியின் உயரம் தெரியாத வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்னர் எமது லொறியொன்றின் பாடியின் மேல் மூலை, ஒரு புகையிரதப் பாலத்தின் இரும்பில் பட்டுக் கிழிந்தது. புறக்கோட்டையிலிருந்து மலைநாட்டுக் கடைகளுக்குப் பீங்கான் சாமான்களும் பிஸ்கட் பெட்டிகளும் ஏற்றிச் சென்ற பதினாலரை அடி லொறி அது. வழமையான பாதையில் வீதி வேலை நடப்பதாகக் கேள்விப்பட்ட சாரதி, கையடக்கத் தொலைபேசியிலுள்ள வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். அது ஒரு குறுக்குப் பாதையைக் காட்டி, பதினொரு கிலோ மீற்றர் மிச்சமாகும் என்றும் சொன்னது. அந்தப் பாதையின் நடுவில் பாலம் இருந்தது. அன்று மாலை மழை வேறு. கிழிந்த கூரையினூடாகத் தண்ணீர் இறங்கி, பிஸ்கட் பெட்டிகளில் பாதி நனைந்துவிட்டன.

லொறி திரும்பி வந்ததும் நஷ்டத்தைக் கணக்குப் பார்த்தேன். அதில் ஒரு பகுதியை மாதா மாதம் சாரதியின் சம்பளத்தில் கழிப்பது என்று முடிவு செய்து, அவரை அழைத்துச் சொன்னேன். ஒன்பது வருடங்களாக எம்மிடம் வேலை செய்பவர். ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அன்றும் மெதுவாகத்தான் கேட்டார்: "ஹாஜியார், பாதை தெரியாட்டி போனைப் பார்த்துப் போங்க எண்டு சொன்ன நீங்கதானே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருக்கு அந்த வழிகாட்டியைக் கொடுத்தது நான்தான். அந்த வழிகாட்டிக்கு எமது லொறி எவ்வளவு உயரம் என்று தெரியுமா என்று விசாரிக்காமல் கொடுத்ததும் நான்தான். எம்மில் பலர் இன்றும் இதே தவறைச் செய்து வருகிறோம் என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

செய்மதிக்குப் பாதை தெரியாது

ஜிபிஎஸ் என்றால் வானத்திலுள்ள செய்மதி எமக்குப் பாதை சொல்கிறது என்றே பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவல்ல. செய்மதிகள் நேரத்தைக் குறிக்கும் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. ஆகக் குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால், கருவி தான் இருக்கும் இடத்தைக் கணித்துக்கொள்ளும். செய்மதியின் வேலை அத்துடன் முடிந்துவிடும். பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியத்தை அமெரிக்கா வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த நிலையும் 2000 மே மாதத்தில் நீங்கிவிட்டது. எனவே, நாம் எங்கே நிற்கிறோம் என்பதில் இன்று பெரிய பிழை வருவதில்லை.

எந்தப் பாதையால் போவது என்பதைத் தீர்மானிப்பது கருவிக்குள் இருக்கும் வரைபடமும், பாதையைத் தெரிவு செய்யும் மென்பொருளும்தான். பிழை வருவது அங்கேதான். தொலைபேசியில் எம்மில் அநேகர் பயன்படுத்தும் கூகுள் வரைபடத்தில் வாகனத்தின் உயரத்தையோ நிறையையோ பதிவதற்கு இடமே இல்லை. கார் செல்லக்கூடிய பாதையை அது காட்டும். கார் ஓட்டுபவருக்கு அது நல்ல தோழன். பத்தரை அடி உயரப் பாடியுடன் போகும் எமது சாரதிக்கோ, அது பாதி தெரிந்த வழிகாட்டி.

கேரவன்காரர்கள் கற்ற பாடம்

இங்கிலாந்தில் விடுமுறைக்காகக் காருக்குப் பின்னால் கேரவன் எனப்படும் வீட்டு வண்டியை இழுத்துச் செல்வோர் இந்தச் சிக்கலை நன்கு அறிவர். வட யோர்க்ஷயரில் தேர்ஸ்க் நகரிலிருந்து ஸ்கார்பரோ செல்லும் ஏ170 வீதியில் சட்டன் பேங்க் என்றொரு மேடு உண்டு. நான்கு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றமும் கடும் வளைவுகளும் கொண்ட அந்த மேட்டில் கேரவன்கள் செல்லத் தடை. அதே வீதியில் கார் தாராளமாகப் போகலாம். காருக்கான கருவியை மட்டும் நம்பிக் கேரவன் இழுத்துச் செல்பவரை அது நேராக அந்த மேட்டின் அடிவாரத்துக்கே கொண்டுபோய் விடும்.

இதனால்தான் கார்மின், டொம்டொம் போன்ற கம்பனிகள் கேரவன்களுக்கும் லொறிகளுக்கும் தனியான கருவிகளைத் தயாரிக்கின்றன. வாகனத்தின் உயரம், அகலம், நீளம், நிறை ஆகியவற்றை முதலில் அதில் பதிய வேண்டும். பிறகு தாழ்ந்த பாலங்களையும் நிறை கட்டுப்பாடுள்ள வீதிகளையும் தவிர்த்து அது பாதை சொல்லும். அங்கு உல்லாசப் பயணத்துக்குப் போகிறவர் பார்த்து வாங்குவதை, இங்கு பிழைப்புக்காக லொறி ஓட்டும் நாம் பார்க்காமலிருப்பது சரியா?

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, கடையில் "ஜிபிஎஸ்" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சாமான்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, லொறி எங்கே நிற்கிறது என்பதை முதலாளிக்குக் காட்டும் கண்காணிப்புக் கருவி. மற்றது, எங்கே திரும்ப வேண்டும் என்பதைச் சாரதிக்குச் சொல்லும் வழிகாட்டிக் கருவி. முதலாவதை வாங்கிப் பூட்டிவிட்டு, சாரதிக்கு வழிகாட்டி கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களை நான் அறிவேன்.

இரண்டாவது, கடைக்குப் போகுமுன் லொறியை நீங்களே அளந்துகொள்ளுங்கள். மூடிய பாடியென்றால் வெறும் லொறியாக இருக்கும்போது அளக்க வேண்டும். சாமான் இறக்கியதும் வில்லுகள் எழும்புவதால் உயரம் சற்றுக் கூடிவிடும். திறந்த லொறியென்றால் சாமானை ஏற்றித் தார்ப்பாய் கட்டிய பின்னர் அளக்க வேண்டும். வரும் அளவுடன் ஒரு சாண் கூட்டிப் பதிவது பாதுகாப்பு.

மூன்றாவது, கருவியின் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். வெளிநாட்டில் தாழ்ந்த பாலங்களையெல்லாம் அறிந்த கருவிக்கு இலங்கையின் பாலங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு நன்கு தெரிந்த, இடையில் தாழ்ந்த பாலமுள்ள ஒரு பாதையைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். ஒருமுறை கார் என்றும் மறுமுறை லொறி என்றும் கேளுங்கள். இரண்டு தடவையும் அந்தப் பாலத்தின் அடியாலேயே பாதை காட்டுமானால், நீங்கள் பதியும் உயரத்தால் எந்தப் பிரயோசனமும் இல்லை. அதற்காக மேலதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

நான்காவது, வரைபடத்தின் வயது. மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம - குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அது வரைபடத்தில் இல்லையென்றால், உங்களுக்கு விற்கப்படுவது பழைய வரைபடம். புதுப்பிப்பது இலவசமா, எத்தனை வருடங்களுக்கு என்பதையும் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஐந்தாவது, மின்சாரம். கார்களில் 12 வோல்ட். எமது லொறிகள் பலவற்றில் 24 வோல்ட். காருக்கான சார்ஜரை லொறியில் குத்தினால் கருவி பழுதாகலாம். 12, 24 இரண்டையும் தாங்கும் சார்ஜரா என்று பாருங்கள். திரையின் அகலத்தை விட, மத்தியான வெயிலில் எழுத்து தெரிகிறதா, குரல் எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்கிறதா என்பனவே முக்கியம்.

இரண்டு மூன்று லொறிகளை வைத்துக்கொண்டு தெரிந்த ஊர்களுக்கே அனுப்புகிறவர் விலையுயர்ந்த கருவி வாங்கத் தேவையில்லை என்பது எனது அபிப்பிராயம். ஓஸ்ம்அண்ட் என்ற செயலியைத் தொலைபேசியில் போட்டு, லொறிக்கான பிரிவில் உயரத்தையும் நிறையையும் பதியலாம். இலங்கை வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால், தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத தோட்டப் பகுதிகளிலும் அது வேலை செய்யும். அதன் வரைபடம் 2004 இல் இங்கிலாந்தில் ஆரம்பிக்கப்பட்ட ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற கூட்டு முயற்சியில் உருவானது. யாரும் அதில் தகவல் சேர்க்கலாம். இதில் ஒரு குறையும் உண்டு. ஒரு பாலத்தின் உயரத்தை எவரும் பதிந்திருக்காவிட்டால் செயலிக்கும் அது தெரியாது. அந்தக் குறையை நாமே தீர்க்கலாம். எமது சாரதிகளுக்குத் தெரிந்த தாழ்ந்த பாலங்களை வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கொண்டு பதியச் செய்தால், முகம் தெரியாத இன்னொரு சாரதியின் லொறி காப்பாற்றப்படும். அதுவும் ஒரு தர்மம்தான்.

வழிகாட்டிக்கும் தகுதி வேண்டும்

எமது மூதாதையர் தவளம் ஓட்டியவர்கள். உப்பும் கருவாடும் துணியும் மாடுகளின் முதுகில் ஏற்றிக் கண்டி இராச்சியத்தின் ஊர்களுக்குக் கொண்டு சென்று, பாக்கு ஏற்றித் திரும்பினார்கள். எந்தக் கணவாயில் எத்தனை மாடு போகும், எந்த ஆறு எந்த மாதத்தில் இறங்க விடாது என்ற அறிவே அவர்களது முதல். இன்று அந்த அறிவு எமது பழைய சாரதிகளிடம் இருக்கிறது. அவர்களில் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். இருப்பவர்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் மலைநாட்டு வீதிகள் பல மண்சரிவில் மூடப்பட்டபோது, எமது லொறிகளைத் திருப்பி அனுப்பியது எந்தக் கருவியுமல்ல. அந்தந்த ஊர்க் கடைக்காரர்கள் எடுத்த தொலைபேசி அழைப்புகள்தான்.

622 ஆம் ஆண்டு ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் தமக்கு வழிகாட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது முஸ்லிமாக இருக்கவில்லை. பாலைவனப் பாதைகளை நன்கு அறிந்தவராகவும் நம்பத்தக்கவராகவும் இருந்தார். வழமையான பாதையை விட்டு, கடற்கரைப் பக்கமாக அழைத்துச் சென்றார். வழிகாட்டியைத் தெரிவு செய்வதில் பார்க்க வேண்டியது அந்தப் பயணத்துக்கு ஏற்ற அறிவையே என்பதற்கும், அதற்குரிய கூலியைக் கொடுக்கத் தயங்கக் கூடாது என்பதற்கும் இதை விடச் சிறந்த உதாரணம் எமக்குத் தேவையில்லை.

சாரதியின் சம்பளத்தில் நான் எதையும் கழிக்கவில்லை. அதற்குப் பதிலாக, எமது கடையில் ஒரு விதி வைத்தோம். கருவி காட்டும் பாதை சரியில்லை என்று சாரதிக்குப் பட்டால் லொறியை நிறுத்தலாம், திரும்பலாம், சுற்றி வரலாம். தாமதத்துக்கும் மேலதிக டீசலுக்கும் எவரும் அவரிடம் கணக்குக் கேட்க மாட்டார்கள். இந்த விதியால் எமக்குக் கொஞ்சம் டீசல் செலவானது உண்மை. ஆனால் அதன் பின்னர் எந்தப் பாலத்திலும் லொறி மோதவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தொழிலாளியின் உயிரும் அவருடைய கூலியும் எம்மிடமுள்ள அமானத்துகள். கருவியின் பிழையை அவர் தலையில் கட்டும் முன்னர், அதைத் தெரிவு செய்தவர் யார் என்பதை ஒரு கணம் யோசித்துப் பார்ப்போம். அல்லாஹ் எமது பயணங்களைப் பாதுகாத்து, வியாபாரங்களில் பரகத் செய்வானாக.