புலிக்குக் காட்டும் கருணையின் செலவு யாருடையது?

மனிதரைக் கொன்ற புலியைச் சுட்டுவிடலாமா, உயிருடன் பிடித்தே ஆகவேண்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், ஒருவரது அபிப்பிராயம் இன்னதாக இருக்கும் என்பதை, அவர் வீடு காட்டிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

2021ஆம் ஆண்டு நீலகிரியில், கூடலூர், மசினகுடி வட்டாரங்களில் நால்வரின் மரணத்துக்குக் காரணமென்று கருதப்பட்ட டி-23 என்னும் புலியை வேட்டையாடலாம் என்று அக்டோபர் 1ஆம் தேதி உத்தரவு பிறந்தது. அப்பகுதி ஜனங்கள் அதை வரவேற்றார்கள். பிராணிகளிடத்தில் பரிவுள்ளோர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். நீதிமன்றமும் உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது. கும்கி யானைகளும் டிரோன்களும் தானியங்கிக் கேமராக்களும் கொண்டு காட்டைச் சல்லடை போட்டுச் சலித்த வனத்துறையினர், அக்டோபர் 15ஆம் தேதி அதை மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, மைசூருக்குச் சிகிச்சைக்கு அனுப்பினர். 2014ஆம் ஆண்டு ஜனவரியில் உதகை அருகே மூவரைக் கொன்ற புலி சுட்டே வீழ்த்தப்பட்டது என்பதை நினைத்தால், இது பாராட்டத்தக்க முன்னேற்றமே.

சட்டத்தின் நோக்கமும் அதுவே. பிடிக்கவோ, மயக்கவோ, வேறிடம் மாற்றவோ இயலாது என்று தலைமை வனஉயிரினக் காப்பாளர் நிச்சயித்த பின்னரே புலியை வேட்டையாட அனுமதிக்கலாம் என்கிறது 1972ஆம் வருடத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. வேட்டையைத் தாராளமாக அனுமதித்தால் புலிகள் அஞ்சி ஒதுங்கும் என்று வாதிப்போரும் உண்டு. ஆயின், மனிதரைத் தாக்கத் துணிவது பெரும்பாலும் முதுமையாலோ காயத்தாலோ வழக்கமான இரையைப் பிடிக்கமுடியாமற்போன விலங்கு. அதன் குற்றத்துக்கு மற்றவற்றைச் சுடுவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

ஆனால், தேடுதல் நீடித்த அத்தனை நாட்களும் அதன் கஷ்டநஷ்டங்களைச் சுமந்தவர் யார்? இடுப்பளவு உயர்ந்த தேயிலைச் செடிகளின் நடுவே குனிந்து கொழுந்து கிள்ளுகிற பெண்ணுக்குப் பத்தடிக்கு அப்பால் என்ன பதுங்கியிருக்கிறது என்பது தெரியாது; வேலைக்குப் போனால் உயிர்ப்பயம், போகாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. மாடு மேய்ப்பவன் நிலையும் அதுவே: பட்டியில் கட்டிப்போட்ட மாட்டுக்குத் தீவனத்தை விலைக்கு வாங்க அவனிடம் பணம் ஏது? நீதிமன்றம் புலிக்கு அளித்த அவகாசம் நியாயமானதுதான்; அந்த அவகாசத்துக்கான விலையை நாட்டிலேயே மிக ஏழையான பிரஜைகளின் தலையில் கட்டியது நியாயமாகாது.

தமிழ்நாட்டில் 2006இல் 76 ஆக மதிப்பிடப்பட்ட புலிகள் 2022இல் 306 ஆகப் பெருகியிருக்கின்றன. இந்தக் கீர்த்தி மாநிலம் முழுவதற்கும் உரியதென்றால் அதன் செலவும் அவ்வாறே பகிரப்பட வேண்டும். ஆட்கொல்லி என்ற சந்தேகம் எழுந்த நாள் முதல், அது பிடிபடும்வரை, அவ்வட்டாரத் தொழிலாளருக்கும் மேய்ப்பருக்கும் இழந்த வருமானத்தைச் சர்க்கார் ஈடுசெய்ய வேண்டும். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு விளக்கும், இருட்டில் வெளியே போகத் தேவையில்லாதபடி வீட்டோடு கழிப்பிடமும் அமைய வேண்டும். புலியின் உயிருக்காக நீதிமன்றப் படியேறும் ஜீவகாருண்ய சீலர்கள் அதே மனுவில் இவற்றையும் கோருவார்களானால், துப்பாக்கியைக் கேட்கும் குரல் மலையில் தானே தணிந்துவிடும்.